இருபத்து நாலு வான்கோழியும் ஒரே அடுப்பும்

அந்தப் புத்தகத்தின் முடிவு எனக்கு இன்றுவரை தெரியாது. இதைச் சொன்னால் லண்டனில், எங்கள் பெர்மண்ட்ஸியில் யாரும் நம்புவதில்லை. பல் முளைக்காத குழந்தையைத் தவிர இந்த ஊரில் எல்லோருக்கும் அந்தக் கதை மனப்பாடம். ஒரு கஞ்சன், கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, பேய்கள் ஒவ்வொன்றாக வந்து அவனை உலுக்கி எடுக்கின்றன. முதல் பேய் வரைக்கும் எனக்கும் தெரியும். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டால் பேந்தப் பேந்த விழிப்பேன். கடைசியில் ஒரு வான்கோழி வருகிறது என்பது மட்டும் தெரியும். அது எனக்கு எப்படித் தெரியவந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

என் பெயர் டார்கஸ் விம்பிள். என் வீட்டுக்காரர் ரூபன் ரொட்டிக்கடைக்காரர். எங்கள் சந்தில் இருக்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் ஹக்கில் முதலாளியின் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிறவர்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை, மிஞ்சிப்போனால் இரண்டு. அந்த அறையில் இருக்கும் கணப்பில் கெட்டிலை வைக்கலாம், ஈரக் காலுறையைக் காயப்போடலாம். ஒரு வாத்தை முழுசாக வாட்ட வேண்டுமென்றால் எங்கள் கடை அடுப்புக்குத்தான் வந்தாக வேண்டும். கிறிஸ்துமஸ் அன்று ரொட்டி சுடக் கூடாது என்பது சட்டம். அடுப்பு சும்மாதானே கிடக்கிறது என்று தெருவே சட்டியும் கையுமாக வந்து நிற்கும். நான் ஒவ்வொரு சட்டியிலும் நம்பர் போட்ட ஒரு தகர வில்லையைக் குத்தி, அதே நம்பரில் இன்னொன்றைச் சட்டிக்காரர் கையில் கொடுப்பேன். ரூபன் நீளத் துடுப்பால் சட்டிகளை உள்ளே தள்ளுவார், திருப்புவார், எடுப்பார்.

ஆக, ஊர் முழுக்கப் பண்டிகை கொண்டாடும்போது நாங்கள் இரண்டு பேரும் புகையில் வெந்துகொண்டிருப்போம். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், பன்னிரண்டு கிறிஸ்துமஸும் அப்படியே போயின. கடைசிச் சட்டியும் போன பிறகு, ஆறிப்போன எங்கள் சாப்பாட்டின் முன்னால் உட்காருவோம். உட்கார்ந்த உடனே அந்த மனுஷர் தூங்கிவிடுவார். ஒரு வருஷம் குழம்பில் மூக்கை வைத்துத் தூங்கினார். ஒரு வருஷம் முள்கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடியே தூங்கினார். நான் எதிரே உட்கார்ந்து அவருடைய வழுக்கையைப் பார்த்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுவேன்.

எனக்கு இருந்தது ஒரே ஆசை. வாழ்க்கையில் ஒரே ஒரு கிறிஸ்துமஸ் அன்று, பட்டப்பகலில், சாப்பாடு சூடாக இருக்கும்போது, கண் விழித்திருக்கும் புருஷனோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பட்டுப் பாவாடை கேட்டேனா, தங்கச் சங்கிலி கேட்டேனா?

அந்த வருஷம் நவம்பரிலேயே பிடித்த பிடியாக நின்று வாக்கு வாங்கிவிட்டேன். முதல் நாள் எட்டு மணிக்கே அவர் படுத்துவிட வேண்டும். எங்கள் வாத்து முதல் ஈட்டிலேயே அடுப்புக்குள் போக வேண்டும். பன்னிரண்டரைக்கு எல்லாச் சட்டியும் வெளியே வந்தாக வேண்டும், ஒரு மணிக்கு நாங்கள் மேஜையில் இருக்க வேண்டும். அவரும் பைபிள் மேல் கைவைத்துச் சரி என்றார்.

அதற்குள் அந்தப் புத்தகம் வந்து தொலைத்தது.

புத்தகம் அச்சாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதைப் படித்துவிட்டு லண்டனே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கசாப்புக் கடைக்காரர் சிரித்தார். வாடகை வாங்க வருகிறவர் தொப்பியைக் கழற்றி விசாரித்தார். ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டுக்காரரை உற்றுப் பார்த்து, அந்தக் கஞ்சன் இவர்தானோ என்று யோசித்தார்கள். தன்னை அப்படி யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று எல்லோரும் பயந்து பயந்து நல்லவர்களாக இருந்தார்கள்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் சின்னப் பாதிரியார் பள்ளிக்கூட அறையில் அதை உரக்கப் படித்தார். நானும் போனேன். ரொட்டிக்கடைக்காரி நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? முதல் பேய் சங்கிலியை இழுத்துக்கொண்டு வந்தது, நான் தூங்கிப்போனேன். விழித்தபோது எல்லோரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள்.

பிறகு தெரிந்துகொண்டது இது. கதையில் கஞ்சன் வாயைத் திறந்தபோதெல்லாம் அறையில் இருந்த நூறு தலைகளும் மூன்றாவது வரிசைக்குத் திரும்பினவாம். அங்கே உட்கார்ந்திருந்தவர் ஹக்கில் முதலாளி. பாவம், அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் சிரித்து ஊரில் யாரும் பார்த்ததில்லை, கிறிஸ்துமஸ் அன்று அரை நாளுக்கு மேல் லீவு விட்டதும் இல்லை. நூறு தலை திரும்பத் திரும்ப மனுஷர் நாற்காலியில் சுருங்கிக்கொண்டே போனாராம். கடைசியில் கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைத்து, தோள் குலுங்கக் குலுங்க அழுதாராம். அந்த அழுகை எனக்கு என்ன செய்யப் போகிறது என்று அப்போது தெரியவில்லை.

கிறிஸ்துமஸ் விடிந்தது. ஊரிலேயே அன்றைக்கு நன்றாகத் தூங்கி எழுந்த ஒரே ரொட்டிக்கடைக்காரர் ரூபன்தான். எனக்குத்தான் ஆசை மிகுதியில் தூக்கமே வரவில்லை. மூன்று மணிக்கே எழுந்து வாத்துக்குள் வெங்காயமும் வாசனைக்குச் சேஜ் இலையும் அடைத்துத் தைத்து வைத்தேன். எட்டு மணிக்குக் கடைக்கதவின் பலகையை எடுத்தேன்.

சந்து முனை வரைக்கும் வரிசை நின்றது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு வான்கோழி. வாத்து இல்லை, இறைச்சித் துண்டு இல்லை, வான்கோழி. கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்கள்.

வரிசையின் முதலில் டபித்தா பிரவுட். மூன்றாம் மாடிக்காரி, ஆறு பிள்ளை பெற்றவள், அவள் வாய்க்கு இந்தச் சந்தே பயப்படும்.

"விம்பிளம்மா, சீக்கிரம் வாங்குங்க, கை விட்டுப்போவுது! என் கடைசிப் பிள்ளைய விட கனமா இருக்கு."

"இது ஏதுடி ஒனக்கு?"

"மொதலாளி குடுத்தாரு. அந்தக் கதைக் கடைசில ஒரு வான்கோழி வருதுல்ல, அதக் கேட்டதுலேர்ந்து இப்படி. ஆளுக்கு ஒண்ணு, இருபத்து நாலு பேருக்கும். இன்னைக்கு முழு நாள் லீவு வேற. நேத்து சாயங்காலம் ஷாப் வாசல்ல நின்னு என் புருஷனக் கட்டிப் பிடிச்சிக்கிட்டாராம். அந்த மனுஷன் பயந்துபோய் ராத்திரி சாப்பிடவே இல்ல."

"இருபத்து நாலா? எல்லாம் இங்கயா வருது?"

"பின்ன எங்க போவும்? ராணி வீட்டுக்கா?"

விரல் விட்டுக் கணக்குப் போட்டேன். எங்கள் அடுப்பில் சட்டி என்றால் முப்பது வைக்கலாம். இந்த அளவு வான்கோழி என்றால் பன்னிரண்டுதான், அதுவும் இடுக்கி இடுக்கி. ஒரு ஈடு வேக நாலு மணி நேரம். பன்னிரண்டு போக மீதிப் பன்னிரண்டு சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் வெளியே வரும்.

ரூபன் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"ஏங்க," என்றேன். "பைபிள் மேல கைவச்சீங்க."

"நான் வச்சேன், சரி. அவங்கள நான் என்ன செய்யட்டும் டார்கஸ்? பச்சையாவா திங்கச் சொல்ல முடியும்?"

தகர வில்லைகளை ஒரு தொப்பியில் போட்டுக் குலுக்கி, யார் முதல் ஈடு, யார் இரண்டாம் ஈடு என்று முடிவு செய்தோம். டபித்தாவுக்கு இரண்டாம் ஈடு விழுந்தது. உடனே அவள் கண் அடுப்பு வாய் ஓரமாக இருந்த என் வாத்தின் மேல் விழுந்தது.

"அந்த வாத்த எடுத்துட்டா என்னுது நுழைஞ்சிரும் போலருக்கே."

"அதத் தொட்ட, ஒன் வான்கோழிக்கு முன்னாடி ஒன்ன உள்ள தள்ளிருவேன்."

"அடேயப்பா! போன வருஷம் பன்னெண்டு உருளக்கிழங்கு வச்சேன், பத்துதான் திரும்பி வந்துச்சு. நான் வாயத் தொறந்தேனா?"

"ஒரு வருஷமா அதத்தானடி சொல்லிக்கிட்டிருக்க!"

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு சிம் டக்வெல் வந்தான். போன மாதம்தான் அவனுக்குக் கல்யாணம். அவன் பெண்டாட்டி ஃபீபி பின்னால் விசும்பிக்கொண்டே வந்தாள். அவன் கையில் இருந்த வான்கோழி வெள்ளையடித்த சுவர் மாதிரி வெளேரென்று இருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் மூக்கைப் பிடித்தார்கள்.

ரூபன் குனிந்து முகர்ந்தார். "என்னடா பண்ணின இத?"

"எறகு போகலண்ணே. தோல்ல முடி போகலன்னா என்ன செய்வோம்? சுண்ணாம்புத் தொட்டில போடுவோம். அதான் ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன்."

"எறகு போயிடுச்சா?"

"சுத்தமா போயிடுச்சு."

"இத வேகவைக்க முடியாதுடா. நல்லாப் பதம் போட்டா ஒரு ஜோடி செருப்பு தைக்கலாம்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஃபீபி சத்தமாகவே அழ ஆரம்பித்தாள். அதை அவளுக்குக் கொடுப்பேனா என்று எல்லோரும் என்னையும் என் வாத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். நான் கல்லாக நின்றேன். அழுவதென்றால் எனக்கும் தெரியும்.

முதல் ஈடு உள்ளே போயிற்று, ஓரத்தில் என் வாத்தும் போயிற்று. இரண்டாம் ஈட்டுக்காரர்கள் வீட்டுக்குப் போவார்கள் என்று பார்த்தால் யாரும் நகரவில்லை. வீட்டில் குளிர், இங்கே அடுப்பு. மாவு மூட்டைகளின் மேல் உட்கார்ந்து பாட ஆரம்பித்துவிட்டார்கள். நான் குனிந்து குனிந்து கொழுப்பை மொண்டு ஊற்றினேன். முதுகு விட்டுப்போயிற்று.

பன்னிரண்டரைக்கு முதல் ஈட்டை எடுத்தோம். வாங்கியவர்கள் ஆவி பறக்கப் பறக்க வீட்டுக்கு ஓடினார்கள். என் வாத்து பொன்னிறமாக, தோல் மொரமொரவென்று வெந்திருந்தது. அதை மேஜையில் வைத்தேன். திரும்பிப் பார்த்தால் ரூபன் மறுபடியும் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார், பச்சையாகப் பதினோரு வான்கோழி காத்திருந்தன. பன்னிரண்டு வருஷம் போதாதென்று பதின்மூன்றாவதும் போயிற்றே என்று ஆத்திரமாக வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கடைவாசலில் ஹக்கில் முதலாளி வந்து நின்றார். கையில் ஒரு தொப்பிப் பெட்டி. பெட்டியிலிருந்து இரண்டு வான்கோழிக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. முகமெல்லாம் கரி.

எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"ஒக்காருங்க, ஒக்காருங்க," என்றார் அவர். "நீங்கல்லாம் இங்கயா இருக்கீங்க? வீடு வீடாப் போய்க் கதவத் தட்டினேன். ஜன்னல் வழியா ஒங்க சந்தோஷத்தப் பாக்கலாம்னு ஆச. ஒரு வீட்டுலயும் ஆளக் காணோம்."

"சந்தோஷம் இன்னும் வேகல மொதலாளி," என்றாள் டபித்தா.

"வீட்டுலயே வேகவைக்கலாமே?"

"எங்க வீட்டுக் கணப்புல ஒங்க வான்கோழியோட கழுத்த மட்டும் வேகவைக்கலாம். மிச்சத்தப் பிள்ளைங்க பிடிச்சிக்கிட்டு நிக்கணும்."

அவர் உண்மையாகவே திகைத்துப்போனார். "எல்லா வீட்டுலயும் அடுப்பு இருக்கும்னுல்ல நெனச்சேன்."

"ஒங்களுக்கு என்ன ஆச்சு?" என்று ரூபன் பெட்டியைக் காட்டினார்.

"சமையல்காரம்மாவுக்கும் லீவு குடுத்துட்டேன். நானே அடுப்பப் பத்தவச்சேன். வீடெல்லாம் பொக." அவர் அடுப்பைப் பார்த்தார், வியர்த்து வழியும் ரூபனைப் பார்த்தார். கண் கலங்கியது. அந்தப் புத்தகம் அவருக்குள் மறுபடியும் வேலை செய்வதை நான் கண்ணாலேயே பார்த்தேன். கையை உயர்த்தினார். "விம்பிள்! நீங்களும் மனுஷன்தான். ஒங்களுக்கும் இன்னைக்கு லீவு! அடுப்ப அணைங்க!"

பதினோரு குடும்பமும் தங்கள் பச்சை வான்கோழியைப் பார்த்தார்கள்.

"மொதலாளி," என்றாள் டபித்தா, "ஒங்க கால்ல விழறேன். இன்னைக்கு இனிமே யாருக்கும் எதையும் குடுத்துடாதீங்க."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கையிலிருந்த கரண்டியை மேஜையில் அடித்தேன்.

"ஊருக்கெல்லாம் லீவு விட்டீங்களே, அந்த லீவ யாரு வேகவைக்கிறதுன்னு யோசிச்சீங்களா? பன்னெண்டு கிறிஸ்துமஸா நான் என் புருஷனோட சேந்து ஒரு வாய் சூடாச் சாப்பிட்டதில்ல. அந்தா இருக்கு என் வாத்து. ஆறிக்கிட்டிருக்கு. ஒங்க வான்கோழிக்காக ஆறிக்கிட்டிருக்கு!"

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் பேசுகிறோம் என்று உறைத்தது. ரூபன் உத்தரத்தைப் பார்த்தார். ஹக்கில் முதலாளி தொப்பிப் பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"நான் என்ன செய்யணும்மா?"

"கோட்டக் கழட்டுங்க," என்றேன்.

இரண்டாம் ஈட்டை ரூபனே உள்ளே அடுக்கினார். சிம்முடைய வான்கோழிக்கென்று இருந்த பன்னிரண்டாவது இடம் காலியாக இருந்ததால் அங்கே முதலாளியின் வான்கோழி போயிற்று. பிறகு என் ஏப்ரனை அவர் இடுப்பில் கட்டிவிட்டேன். கொழுப்பு மொள்ளும் கரண்டியை அவர் கையில் கொடுத்தேன். தொட்டிக்குள்ளிருந்து ஈரத்தோலை நீளக் கொக்கியால் இழுத்துப் பழகியவர்கள் அவருடைய ஆட்கள், துடுப்பு அவர்களுக்கு ஒரு பொருட்டா? சிம் அதை வாங்கி ஒரே தள்ளில் ஒரு வான்கோழியைத் திருப்பிக் காட்டினான்.

"என் அடுப்புல வேற ஆள் கைவச்சதே இல்ல டார்கஸ்," என்று ரூபன் முனகினார்.

நான் ஒரு பார்வை பார்த்தேன். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளறைக்கு வந்தார்.

மணி ஒன்று. வெளியே வெயில்கூடக் கொஞ்சம் அடித்தது. வாத்தில் இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. எதிரே என் புருஷர், முதுகை நிமிர்த்திக்கொண்டு, இரண்டு கண்ணும் முழுசாகத் திறந்திருக்க உட்கார்ந்திருந்தார். அடுப்பை அடுத்தவர் கையில் விட்ட பயத்தில் அவருக்குத் தூக்கம் வருமா? நான் கேட்டது எல்லாம் அந்த மேஜையில் இருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அவர் வழுக்கைகூட அழகாகத் தெரிந்தது.

"ஜெபம் பண்ணு," என்றார்.

நான் கையைக் கூப்பினேன். ஜெபத்துக்காகக் கண்ணை மூடினேன்.

அவ்வளவுதான் எனக்கு ஞாபகம்.

கண் திறந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் கன்னத்துக்குக் கீழே ரூபனின் சால்வை மடித்து வைத்திருந்தது. கடைப்பக்கத்தில் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து சிந்தினார்கள். பிறகு கைத்தட்டல்.

ரூபன் எதிரே அப்படியே உட்கார்ந்திருந்தார். கண் விழித்துத்தான் இருந்தார். அவர் தட்டு காலியாக, சுத்தமாக இருந்தது.

"மணி என்னங்க?"

"நாலே முக்கால். மொதலாளி பையில வச்சிருந்த புத்தகத்த எடுத்துப் படிச்சாரு. இப்பத்தான் முடிஞ்சுது."

"ஈடு எடுத்தாச்சா?"

"எடுத்துக்கிட்டிருக்காங்க. மொதலாளி தன்னோடத சிம்முக்குக் குடுத்துட்டாரு. டபித்தா அவரச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கா, மூணாம் மாடிக்கு."

அதே சமயம் கடையிலிருந்து டபித்தாவின் குரல் கிளம்பியது. "பன்னெண்டு உருளக்கிழங்கு வச்சேன்! பதினொண்ணுதான் இருக்கு! மொதலாளி, வாயில என்ன?" பதில் வந்தது, ஆனால் வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு பேசியதால் என்ன சொன்னார் என்று புரியவில்லை.

நான் மேஜையைப் பார்த்தேன். "வாத்து எங்க?"

"அடுப்பு வாயில வச்சிருக்கேன். ஆறக் கூடாதுல்ல."

"நீங்க சாப்பிடலயா?"

"ஒன்ன விட்டுட்டா?"

"நாலு மணி நேரமா சும்மா ஒக்காந்திருந்தீங்களா? என்ன எழுப்ப வேண்டியதுதான?"

அவர் மேஜை மேல் இருந்த ரொட்டித் துணுக்கு ஒன்றை விரலால் நகர்த்தினார்.

"நீ என்ன ஒரு தடவையாச்சும் எழுப்பியிருக்கியா, டார்கஸ்?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு தட்டைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். சுத்தமான தட்டைத்தான் துடைத்தேன்.

அவர் எழுந்து போய் வாத்தை எடுத்துக்கொண்டு வந்தார். நாலு மணி நேரம் அடுப்பு வாயில் இருந்த வாத்து எப்படி இருக்கும்? சுருங்கி, இறுகி, சிம்முடைய வான்கோழிக்கு அக்காள் மாதிரி இருந்தது. கத்தி இறங்க மறுத்தது.

"அந்தக் கதையோட முடிவு இங்கிருந்தே காதுல விழுந்துச்சு," என்றார், கத்தியை அழுத்திக்கொண்டே. "சொல்லட்டுமா?"

"வேண்டாம். காலப் பிச்சுக் குடுங்க."

மென்று மென்று தாடை வலித்தது. ஆனாலும் சூடாக இருந்தது. கடைசி வாய் வரைக்கும் இரண்டு பேரும் விழித்திருந்தோம்.